அத்தையின் பாஸ்புக்

செப்டம்பர் 16, 2023, சனி

எழுதி வைக்காவிட்டால் மறந்துபோகும். நாளைக்கு யாராவது தேதி கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

நேற்று காஞ்சிபுரத்தில் முதலமைச்சர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி வைத்தார். அத்தை கணக்கிலும் 1,000 ரூபாய் ஏறியிருந்தது. இன்று எடுக்கப் போனோம். கவுண்டரில் இருந்தவர், அவ்வளவு இல்லை என்றார். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கினேன். வரவு 1,000. அதற்குக் கீழே, அதே தேதியில், 118, 118 என்று ஐந்து வரி. அப்புறம் ஒரு 17.70. மீதி 392.30.

"மினிமம் பேலன்ஸ் வைக்கலைம்மா. பழைய பாக்கி. சிஸ்டமே பிடிச்சுக்கிரும்."

"இருந்தா வச்சிருக்க மாட்டமா?" என்று அத்தை கேட்டார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். வீடு வந்து சேரும்வரை அத்தை வாயைத் திறக்கவில்லை.

செப்டம்பர் 17

அத்தை சாப்பிடவில்லை.

செப்டம்பர் 20, புதன்

நமக்கு மட்டும் இல்லை. ஊர் ஊராக இதே கதை. உரிமைத் தொகையில் வங்கிகள் கை வைக்கக் கூடாது, வைத்தால் 1100-க்குப் புகார் சொல்லுங்கள் என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு சொல்லியிருக்கிறார். நம் மாவட்டத்துக்காரர் என்பதில் ஒரு தெம்பு. போன் போட்டேன். பெயர், கணக்கு எண், ஊர் எல்லாம் நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அத்தையிடம் சொன்னேன். "அப்ப எல்லாப் பொம்பளைகிட்டயும் எடுத்துட்டானா?" என்றார். எனக்கு வந்த தெம்பு அவருக்கு வரவில்லை.

செப்டம்பர் 24, ஞாயிறு

எதிர்வீட்டு அண்ணாச்சி வங்கியில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். பாஸ்புக்கைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதல் பக்கத்திலிருந்து பொறுமையாகப் பார்த்தார்.

அத்தை தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தபோது, கூலியை வங்கியில் போடுவோம் என்று சொல்லித் திறக்க வைத்த கணக்கு இது. அந்த ஆபீஸை மூடிய பிறகு ஒரு பைசா வரவு இல்லை. சாதாரண சேமிப்புக் கணக்கு என்பதால் மினிமம் பேலன்ஸ் உண்டு. அது அத்தைக்கு எப்படித் தெரியும்? கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார்.

அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பேலன்ஸ் குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது கொடுக்க வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்குத் தக்கபடிதான் கட்டணம். இந்தக் கட்டணத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

"மைனஸ்ல காட்டலம்மா. ஆனா பாக்கின்னு உள்ள எழுதி வச்சிருந்து, காசு வந்ததும் மொத்தமா எடுத்துட்டாங்க. அதைத்தான் நீ கேக்கணும். 'எப்பத் தெரிவிச்சீங்க, எந்த நம்பருக்கு'ன்னு கேளு. வாயால கேக்காத, எழுதிக் கேளு."

ஸ்டேட் பாங்க் 2017-இல் எட்டே மாதத்தில் 1,771 கோடி இப்படி வசூலித்ததாம். 2020 மார்ச்சில் எல்லாச் சேமிப்புக் கணக்குக்கும் மினிமம் பேலன்ஸே வேண்டாம் என்று விட்டுவிட்டதாம். அவ்வளவு பெரிய வங்கியால் முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது? இல்லாதவர்களிடம், இல்லை என்பதற்காகவே வாங்குகிற காசு. இது எந்த ஊர் நியாயம்?

செப்டம்பர் 25

மேனேஜருக்கு எழுதிய மனுவைக் கொடுத்தோம். ஜீரோ பேலன்ஸ் கணக்காக மாற்றித் தரவும் தனியாக ஒரு தாள். முதலில் தபால் பெட்டியில் போடச் சொன்னார்கள். அண்ணாச்சி சொல்லி அனுப்பியபடி, நகலில் சீல் போட்டுத் தரும்வரை நகரவில்லை. சீல் விழுந்த சத்தம் கேட்டதும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 17

இந்த மாதம் 1,000 அப்படியே நிற்கிறது. போன மாதம் எடுத்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. அத்தை பஜாருக்குப் போய்க் கண்ணாடி வாங்கி வந்தார். கண் முகாமில் எழுதிக் கொடுத்த சீட்டை இத்தனை நாள் பாஸ்புக் உறைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

நவம்பர் 2, வியாழன்

30 நாள் தாண்டிவிட்டது. வங்கி பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனித்தனியாக இருந்த குறைதீர்ப்புத் திட்டங்களை 2021 நவம்பரில் ஒரே திட்டமாக்கிவிட்டார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். இணையத்தில் போடலாம், சண்டிகருக்குத் தபாலும் அனுப்பலாம். இரவு என் போனிலேயே போட்டேன். சீல் போட்ட நகல், பாஸ்புக் பக்கம் இரண்டையும் படம் எடுத்து ஏற்றினேன்.

கணக்கோடு எந்த நம்பர் சேர்த்திருக்கிறது என்று பகலில் கிளையில் கேட்டிருந்தேன். சொன்னார்கள். மாமாவுடைய நம்பர். அவர் இறந்த பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. 'பேலன்ஸ் குறைகிறது, பிடிக்கப் போகிறோம்' என்று எச்சரிக்கை அனுப்பியிருந்தால் அத்தனையும் அங்கேதான் போயிருக்க வேண்டும். அந்த 17.70 என்னவென்றும் கேட்டேன். எஸ்எம்எஸ் கட்டணமாம்.

அதற்கு மேல் புகாரில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நம்பரை மட்டும் எழுதினேன். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை.

டிசம்பர் 18

விடாமல் மழை. தூத்துக்குடி, நெல்லையெல்லாம் தண்ணீரில் நிற்கிறது. ஏரலில் இருக்கும் தங்கைக்குப் போன் போகவில்லை. வேறெதுவும் எழுத ஓடவில்லை.

ஜனவரி 5, 2024, வெள்ளி

354 ரூபாய் வந்திருக்கிறது! எதற்கு என்று எழுதவில்லை. என் வீட்டுக்காரர், "வந்தவரைக்கும் லாபம், விடு" என்கிறார். புதுவருஷத்தில் தைத்துக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. அவர் சொல்வதும் சரியென்றே பட்டது. பாயசம் வைத்தேன்.

ஜனவரி 19, வெள்ளி

கிளையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு தாளை நீட்டி, அத்தையைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "என் குறை முழுமையாகத் தீர்ந்தது, புகாரைத் திரும்பப் பெறுகிறேன்" என்று டைப் செய்திருந்தது. போட்டால் எல்லாருக்கும் நல்லது என்றார் அதிகாரி. தன்மையாகத்தான் சொன்னார். வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று வாங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். ஒரு கையில் தாள், மடியில் பாஸ்புக். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து, தாள் முழுவதையும் வாசித்தார். பிறகு பாஸ்புக்கில் ஒவ்வொரு 118-க்கும் விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

"அஞ்சு தடவ எடுத்திருக்கான். மூணுதான தந்திருக்கான்?"

"ஆமா அத்தை. அந்த 17.70-ஐயும் சேத்தா இன்னும் 253 ரூபா 70 பைசா வரணும்."

"அது எதுக்கு எடுத்தான்?"

சொன்னேன். நம்பரையும் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"தீந்துச்சுன்னு நான் எப்படித் தாயி கையெழுத்துப் போடுவேன்? தீரலையே."

குறைதீர்ப்பாளரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. இவருக்கு இதில் இஷ்டம் இல்லை. அலைகிற அலைச்சலுக்கு இரண்டு ஜாக்கெட் தைத்திருக்கலாம் என்கிறார். திங்கட்கிழமை அத்தை அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், தையலைப் பார் என்றுவிட்டார். அங்கே யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று எனக்குத்தான் பயமாக இருக்கிறது.