ஹெரால்டும் 32 பங்குகளும்

இரும்புலியூர்ப் பக்கத்து முதியவர்களோடு உரையாடுவோர், பேச்சு எங்கே தொடங்கினும், அஃது ஒருமுறையேனும் 'ஸ்டாண்டர்டு கம்பெனி'யைத் தொட்டு மீள்வதைக் காண்பர். 1948இல் நிறுவப்பெற்ற ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் ஆலை, நம் ஊருக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிப் பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் இருந்தது. 1961 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கு உருவான சிறு கார்தான் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு'. 1988இல் அவ்வாலையில் கார் உற்பத்தி நின்றது. அங்கே வேலை பார்த்தோர் பலர் மண்ணறை சேர்ந்துவிட்டனர். அவர்கள் கைபட்ட வண்டிகள் சில இன்னும் நம்மூர்க் கொட்டகைகளில் உறங்குகின்றன.

அவ்வாறு உறங்கிய ஒரு ஹெரால்டைப் பற்றி நம்மிடம் ஒரு மஸ்அலா வந்தது. சிறுவயதில் நம்மிடம் ஓதிய பிள்ளை ஒருவர், இப்போது மோட்டார் மெக்கானிக். "ஹஜ்ரத், அத்தாவுடைய காரை டிராக் ரேஸுக்கு மாற்றலாம் என்று இருக்கிறேன். தங்கச்சி தடுக்கிறாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார். காரைப் பற்றிய கேள்வியாயினும், அதன் வேர் வாரிசுரிமையில் இருந்தது. ஆயினும் கேள்வியை முழுதும் அறியாமல் விடை கூறுதல் கற்றோர் வழியன்று. ஆகவே, "முதலில் அப்பந்தயம் என்னவென்று விளக்கும் தம்பி" என்றோம்.

டிராக் ரேஸ் என்பது நேர்கோட்டு ஓட்டம். இரண்டு வண்டிகள் அருகருகே அசையாமல் நின்று, விளக்குச் சைகை கண்டதும் பாய்ந்து, கால் மைல், அதாவது 402 மீட்டர் தொலைவைக் கடக்க வேண்டும். வளைவும் இல்லை, திருப்பமும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வெறுமையாய்க் கிடந்த விமான ஓடுதளங்களில் இது வளர்ந்தது. 1951இல் அதற்கெனத் தேசிய அளவில் ஒரு சங்கமே அங்குத் தோன்றியது. நம் சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்கால ஓடுதளமே பந்தயக் களமாயிற்று. சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் பல்லாண்டுகள் அங்குக் கார்ப் பந்தயங்கள் நடத்தியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 1990 முதல், அக்கழகத்தின் நிலையான பந்தயத் தடம் இயங்கி வருகிறது.

இத்தகைய பாய்ச்சலுக்கு ஹெரால்டு பிறந்ததன்று. 948 சி.சி. எஞ்சினும் ஏறத்தாழ 35 குதிரைத்திறனும் கொண்ட அந்த முதல் வண்டி, மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அரை நிமிடம் வேண்டும். முதல் வேலை, எடையைக் குறைப்பது. பின் இருக்கை, பம்பர், கம்பளம் யாவும் வெளியேறும். அவ்விடத்தில், ஓட்டுபவர் உயிரைக் காக்க இரும்புக் குழாய்க் கூண்டு ஒன்று ஏறும். அடுத்தது எஞ்சின். பழையதை எடுத்துவிட்டு, மாருதி ஜிப்ஸி கிங்கின் 1298 சி.சி. எஞ்சினைப் பொருத்த அவர் எண்ணியிருந்தார். அஃது அலுமினியத்தால் ஆனது. நீளவாக்கில் அமர்ந்து பின் சக்கரங்களை இயக்கும் அமைப்புடையது. அதன் ஆற்றல் சுமார் 80 குதிரைத்திறன். மூன்றாவதுதான் சிக்கல். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அச்சுகளில் நிற்பவை. பாய்ந்து கிளம்பும்போது வண்டியின் பின்புறம் அமுங்கும். உடனே சக்கரங்கள் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டுமே தரையைப் பற்றும். மெலிந்த அச்சுத் தண்டுகளோ புதிய விசையைத் தாங்காமல் முறியும். எனவே அவற்றை நீக்கி, உறுதியான ஒற்றை அச்சை வைக்க வேண்டும். அதற்குச் சட்டகத்தை அறுத்து வெல்டிங் செய்ய வேண்டும். இங்கேதான் தங்கை குறுக்கே நின்றார்.

இதைக் கேட்டபோது நம் மனம் புகாரியில் பயின்ற ஒரு ஹதீஸின்பால் சென்றது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சியால் மெலிவிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாஃ வரை நெடுந்தொலைவு. அவ்வாறு ஆயத்தம் செய்யப்படாதவற்றிற்கோ பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுந்தொலைவே. குதிரையைத் தீனியிட்டுக் கொழுக்கவைத்து, பின் தீனியைக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கவைத்து இறுக்குவதை அறபில் 'இள்மார்' என்பர். தம்பி தம் காருக்குச் செய்ய விரும்பியதும் ஒருவகை இள்மாரே. ஆயத்தத்திற்கு ஏற்ற தொலைவே ஓடவேண்டும் என்னும் நெறியும் அதில் அடங்கியிருக்கிறது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். மர்ஹூமான அத்தாவுக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கு, மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. காரை 32 பங்காக்கினால், தாய்க்கு 4, மகனுக்கு 14, மகள்களுக்குத் தலா 7. "தம்பி, பாதிக்காரர்கூட அல்லர் நீர். பதினான்கு பங்கை மட்டும் தனியே அறுத்தெடுக்க முடியுமானால் அறுத்துக்கொள்ளும்" என்றோம். சிரித்தார், சிரித்தபின் மௌனமானார்.

மூத்த மகள் தம் பங்கை மனமுவந்து தம்பிக்கு விட்டுக்கொடுத்தார். தாயின் அச்சம் வேறு. இரவில் பைபாஸில் இளைஞர்கள் வண்டி விரட்டும் ஓசை இரும்புலியூரில் யாருக்குத்தான் கேட்கவில்லை? இளைய மகளோ, "அத்தா கைபட்ட எதையும் வெட்டக் கூடாது" என்பதிலேயே நின்றார்.

வழியைக் காட்டியது அந்தக் காரேதான். ஹெரால்டை வடிவமைத்த காலத்தில் அதன் ஆங்கிலேயத் தாய் நிறுவனத்துக்கு, முழுக்கூட்டை ஒரே வார்ப்பாய்ச் செய்து தருவார் கிட்டவில்லை. ஆகவே தனிச் சட்டகம் அமைத்து, உடலைப் பகுதி பகுதியாக நட்டு போல்ட்டால் இணைத்தனர். அறுக்காமலே கழற்றலாம்! புதுப்பேட்டையில் துருவேறிய ஹெரால்டுச் சட்டகம் ஒன்றை மகன் வாங்கினார். அறுப்பதும் வெல்டிங் செய்வதும் அதிலே நிகழ்ந்தன. அத்தாவின் காரிலிருந்து கழற்றிய உடற்பகுதிகள் அதன்மேல் ஏறின. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டுக்கும் தங்கை சீட்டெழுதிக் கட்டி வைத்தார்.

இதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. பதிவு எண் அத்தாவின் சட்டகத்துக்கு உரியது. அது வீட்டிலேயே நிற்கிறது. பந்தய வண்டிக்கு எண் இல்லை. சாலையில் இறங்க உரிமையும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு பதிவுக்கு மாறான மாற்றங்களைத் தடுக்கிறது. 189ஆம் பிரிவு பொதுச்சாலைப் பந்தயத்தைக் குற்றமாக்குகிறது. லாரியில் ஏற்றித்தான் வண்டியைப் பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோக முடியும். தாய் தம் நான்கு பங்குக்கும் இசைவு தந்தது இதைக் கேட்டபின்தான்.

பந்தயத் தடத்தில் 402 மீட்டருக்கு அப்பாலும் வெற்றுத் தளம் நீண்டு கிடக்கும் என்றார் அப்பிள்ளை. எட்டிய வேகத்தை அடக்கி நிற்பதற்கான இடமாம் அது. ஜி.எஸ்.டி. சாலையில் அந்த இடம் எங்கே இருக்கிறது? அங்கே எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்பது பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு தாயாகவோ, பள்ளி செல்லும் ஒரு பிள்ளையாகவோ இருக்கும். நம் வீட்டு இளைஞர் வேகத்தை விரும்பினால், "எவ்வளவு விரைவாய்ப் போவாய்?" என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். "எங்கே நிறுத்துவாய்?" என்றும் கேளுங்கள். அதற்கு விடை வைத்திருக்கும் பிள்ளைக்குத் துஆச் செய்து அனுப்பி வைப்போம்.