காரியாபட்டியில் ஒரு கால்பந்து காலண்டர்!

காரியாபட்டி என்றதும், 'ஏதாவது காரியம் இருந்தால்தான் அங்கே போவார்கள் போலிருக்கிறது' என்று நினைத்துவிடாதீர்கள். காரியமே இல்லாமல் போய், டீ குடித்து, கால்பந்து பற்றி ஒரு பட்டிமன்றமும் கேட்டுவிட்டு வரலாம்!

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடி போகிற ரோட்டில் இருக்கிறது ஊர். நாலு வழிச் சாலை வந்ததிலிருந்து, அவசரக்கார பஸ்ஸில் "காரியாபட்டி" என்று டிக்கெட் கேட்டால் கண்டக்டர் நம்மை மேலும் கீழும் பார்க்கிறார், கடன் கேட்டவனைப் பார்ப்பதுபோல! நின்று நின்று போகிற டவுன் பஸ்தான் நமக்கு லாயக்கு. வலையங்குளம், எலியார்பத்தி டோல்கேட், ஆவியூர் என்று வரிசையாகக் கடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரே சீமைக்கருவேலம். நடுநடுவே கண்மாய். கண்மாயில் தண்ணீர் இருந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். வானம் பார்த்த பூமி என்று படித்திருப்பீர்கள், இங்கே வந்தால் பூமி வானத்தைப் பார்ப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

தாலுகா தலைநகரம், பேரூராட்சி. காலையில் மதுரைக்கு வேலைக்குக் கிளம்புகிற பையன்களும், வேலை தேடிக் கிளம்புகிற பையன்களும் ஒரே பஸ்ஸில் தொங்குகிறார்கள். சாயங்காலம் அதே கூட்டம் அதே மாதிரி வந்து இறங்குகிறது. இறங்கின கையோடு டீக்கடை. நமக்கும் அங்கேதான் வேலை.

கும்பலில் ஒரு பையன் நீல நிற ஜெர்ஸி போட்டிருந்தான். சென்னையின் எஃப்.சி.! கிரிக்கெட்டும் கபடியும் கொடி கட்டிப் பறக்கிற ஊரில் கால்பந்து ஜெர்ஸியைப் பார்த்தால், கல்யாண வீட்டில் கோட் சூட் போட்டவரைப் பார்த்த மாதிரி. விசாரிக்காமல் இருக்க முடியுமா?

"என்னத்தச் சொல்றதுண்ணே... ஒரு சீஸனுக்கு ஒரு டீமுக்கு மொத்தமே பதிமூணு மேட்ச்சு! எங்க ஆபீஸ்ல கேஷுவல் லீவே பன்னெண்டு நாள் தர்றாங்க. அதைவிட ஒண்ணுதான் ஜாஸ்தி!"

பக்கத்திலிருந்த பெரியவர் விடவில்லை. "அட போப்பா! ஐ.பி.எல். எத்தனை நாளு? ரெண்டே மாசம். கூட்டம் குறையுதா? சட்டுபுட்டுனு முடிச்சாத்தான் ருசி. நீட்டுனா சீரியல் மாதிரி ஆயிரும்."

மூன்றாவதாக ஒருவர், பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிறவர், கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "வெடிக்கிறது ஒரு நாளுண்ணாலும், அந்த ஒரு நாளுக்காக நாங்க வருஷம் பூராம் வேலை செய்யறோம் அண்ணாச்சி. வேலை இருந்தாத்தான சோறு? ஆடறவனுக்கும் அதான?"

தீர்ப்பு சொல்லுமுன் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடலாம்.

★

ஐ.எஸ்.எல். 2014-ல் பிறந்தது. எட்டு டீம், அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பரில் முடிந்தது. லீக் சுற்றில் ஆளுக்கு 14 ஆட்டம். அப்போது அது போதுமானதாக இருந்தது. ஏனென்றால் ஐ-லீக் என்று இன்னொரு லீக் தனியாக நடந்துகொண்டிருந்தது. நம் ஆட்டக்காரர் பலருக்கு அதுதான் சாப்பாடு. இது தீபாவளி பலகாரம்.

2017-18-ல் டீம் பத்தாகி, ஆட்டமும் 18 ஆனது. இரண்டு லீக்கும் ஒரே சமயத்தில் நடக்க, ஆட்டக்காரர் ஏதாவது ஒன்றில்தான் இருக்க முடியும் என்றாயிற்று. பலகாரமே சாப்பாடாகிவிட்டது! (அந்த சீஸனில்தான் பெங்களூரு போய் பெங்களூருவையே 3-2 என்று சாய்த்து, இரண்டாம் முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள் சென்னைக்காரர்கள். ஜெர்ஸி பையன் இதைச் சொல்லச் சொன்னான்.)

அப்புறம் 2020-21-ல் 20 ஆட்டம். ஐ-லீக்கில் ஜெயித்த பஞ்சாப் ஏறி வந்ததும் 2023-24-ல் 22. முகமதன் வந்ததும் 2024-25-ல் 24. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை நீண்டது. நல்ல கம்பெனியில் வருஷா வருஷம் இன்க்ரிமென்ட் ஏறுவது மாதிரி ஒழுங்காகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த வருஷம்தான் இடி விழுந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனமும் லீக்கை நடத்திய கம்பெனியும் 2010-ல் போட்ட பதினைந்து வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதுசு போடுவதில் இழுபறி. 2025 ஜூனில் சம்மேளனம் வெளியிட்ட போட்டிக் காலண்டரில் ஐ.எஸ்.எல்.லைக் காணோம்! டெண்டர் விட்டார்கள், ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. சில கிளப்கள் சம்பளத்தையே நிறுத்தி வைத்தன. 2026 ஜனவரியில் சுனில் சேத்ரி உள்பட ஆட்டக்காரர்கள் வீடியோவில் தோன்றி, உலக சம்மேளனமான ஃபிஃபாவிடம் முறையிட வேண்டி வந்தது. செப்டம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய சீஸன் கடைசியில் பிப்ரவரி 14-ந் தேதி தொடங்கியது. பதினாலு டீம், ஒருவரோடு ஒருவர் ஒரே ஒரு தடவை. அதுதான் அந்தப் பதிமூணு!

★

சரி, பெரியவர் கேட்டதற்கு என்ன பதில்? ஐ.பி.எல்.லிலும் லீக் சுற்றில் ஆளுக்கு 14 ஆட்டம்தானே?

ஆமாம். ஆனால் ஐ.பி.எல். முடிந்த மறுநாள் கிரிக்கெட்காரர் சும்மா இருப்பதில்லை. ரஞ்சி, சையது முஷ்டாக் அலி, டி.என்.பி.எல். என்று வருஷம் முழுக்கப் பந்தி நடக்கிறது. ஐ.பி.எல். அதில் ஸ்வீட். கால்பந்தில் பந்தியே ஐ.எஸ்.எல்.தான். மேலே சூப்பர் கப், டூரண்ட் கோப்பை என்று கொஞ்சம் ஊறுகாய். பதிமூணு ஆட்டம் முடிந்து இலையை எடுத்துவிட்டால், ஆட்டக்காரர் மீதி மாசமெல்லாம் கையைக் கழுவிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். பெஞ்சில் இருக்கிற பத்தொன்பது வயசுப் பையன் பாடு இன்னும் மோசம். 13 ஆட்டத்தில் எந்தக் கோச்சும் புதுசாக ஒருவனை இறக்கிப் பரீட்சை பார்க்க மாட்டார். ஆட்டம் கூடினால்தான் அவன் கால் தரையில் படும். ஆசியப் போட்டிகளுக்கு ஒரு கிளப் போக வேண்டுமென்றாலும், உள்ளூரில் சீஸனுக்கு 24 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று ஆசிய சம்மேளனம் எதிர்பார்க்கிறது.

அதற்காக நீட்டிக்கொண்டே போகலாமா என்றால், அதுவும் ஆபத்துதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் முதலில் 22 டீம், 42 ஆட்டமாக இருந்து, 1995-ல் 20 டீம், 38 ஆட்டம் என்று தன்னைத்தானே குறைத்துக்கொண்டது. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியின் ரோட்ரி, "இப்படியே போனால் ஆட்டக்காரர்கள் ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம்" என்கிற மாதிரி பேசினார். அதே வாரத்தில் முழங்கால் தசைநார் அறுந்து மைதானத்தை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் கையாலேயே ஆடிவிட்டு அதற்கும் 'ஃபுட்பால்' என்று பேர் வைத்திருக்கிறார்கள் அல்லவா... அங்கே 2021-ல் 16 ஆட்டத்தை 17 ஆக்கினார்கள். 18 ஆக்கலாம் என்று முதலாளிகள் சொல்ல, உடம்பு தாங்காது என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுக்க, இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. அவர்களுக்கு அஜீரணம், நமக்குப் பட்டினி. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது!

பணமும் ஒரு பிரச்னை. ஆட்டம் ஒன்று கூடினால் விமான டிக்கெட், ஹோட்டல், மைதான வாடகை எல்லாம் கூடும். கோயமுத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2018-19-ல் ஐ-லீக் சாம்பியன். கோப்பை வாங்கிய சில வருஷத்திலேயே லீக்கில் அந்தப் பெயரே இல்லாமல் போயிற்று. கோப்பையை வைத்துக் கரன்ட் பில் கட்ட முடியாது, ஸார்! அதனால் டி.வி. பணத்தில் கிளப்களுக்கு நியாயமான பங்கு தராமல், ஆட்டத்தை மட்டும் கூட்டுவது மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஊர்வலம் போவது மாதிரிதான்.

வானிலையையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். (அப்படியும் அந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்!) மே மாச மத்தியானம் காரியாபட்டி ரோட்டில் நடந்து பார்த்தவர்கள், கோடையில் ஆட்டத்தை நீட்டச் சொல்ல மாட்டார்கள்.

★

ஆக, எவ்வளவு? பதினாலு டீம், சொந்த ஊரில் ஒன்று, எதிராளி ஊரில் ஒன்று. ஆளுக்கு 26. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை முப்பது வாரம் இருக்கிறது. வாரம் ஒன்று வைத்தாலும் மழைக்கும் ஓய்வுக்கும் நாலு வாரம் மிச்சம். ஆட்டக்காரர் காலும் தாங்கும், குடும்பமும் தாங்கும்.

ஆனால் நீளத்தைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. அதைப் பட்டாசுக்காரரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஈரம் இருந்தால் மருந்து காயாது என்பதால், வெயிலை நம்பி வருஷம் முழுக்கத் திட்டம் போட்டு நடக்கிற தொழில் அது. 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட், பசுமைப் பட்டாசுதான் வெடிக்கலாம், அதுவும் இரண்டு மணி நேரம்தான் என்றது. அந்தத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மாசக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலை குறைவு என்றால்கூட அந்த ஜனங்கள் சமாளித்திருப்பார்கள். 'எப்போது திறக்கும்' என்று தெரியாததுதான் அவர்களை உலுக்கியது. 2025-ல் கால்பந்துக்காரர்களை உலுக்கியதும் அதே கேள்விதான். ஆட்டம் எத்தனை என்பது அப்புறம். எப்போது என்று தெரிந்தால்தான் வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும், தங்கச்சி கல்யாணத்துக்குத் தேதி குறிக்க முடியும்.

காரியாபட்டியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் சிவகாசி. பட்டாசு மட்டுமா, காலண்டரும் அங்கேதான் அடிக்கிறார்கள். வருகிற வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றைக்கே பூஜை போட்டு வெளியிட்டுவிடுவார்கள். புது வருஷம் பிறக்க இன்னும் அஞ்சு மாசம் இருக்கும், அதற்குள் பொங்கல் என்றைக்கு, தீபாவளி என்றைக்கு என்று தேதி ரெடி!

கால்பந்து சம்மேளனத்தாருக்கு நம் மனு ஒன்றே ஒன்றுதான். 26 ஆட்டம் வையுங்கள். அந்தத் தேதிகளையும் ஆடிப்பெருக்குக்குள் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பிரஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் சொல்லுங்கள், நாங்கள் வழி காட்டுகிறோம்!