பயிரைப் பார்ப்பதுபோல் பெயரையும் பார்க்க வேண்டும்

வாரச்சந்தையில் எண்ணெய் விற்றவருக்குத் தன் பெயர் எப்படி இருக்கிறது என்பது அடுத்த சந்தையிலேயே தெரிந்துவிடும். போன வாரம் வாங்கியவர் இந்த வாரமும் வந்து நிற்பார். எண்ணெயில் குறை இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். இன்று செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை, மஞ்சள்தூள், சிறுதானிய மாவு என்று விளைபொருளை மதிப்புக்கூட்டி விற்கும் விவசாயிகள் பெருகிவிட்டனர். வாங்குகிறவர் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறார். குறை இருந்தால் பல சமயம் விற்றவரிடம் அவர் சொல்வதில்லை. கைபேசியில் நாலு வரி எழுதிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார். அந்த நாலு வரியை அடுத்து வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். விற்றவர் மட்டும் படிப்பதில்லை.

திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்தது இதுதான். கணவன், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். 3 ஏக்கரில் நிலக்கடலை. அறுவடை நேரத்தில் விலை இறங்குவதைப் பார்த்துச் சலித்துப்போய், மனைவியின் நகையை அடகு வைத்து வாகை மரச்செக்கு ஒன்றைப் போட்டார்கள். சொந்தக் கடலையை ஆட்டினார்கள். காங்கேயத்திலிருந்து கொப்பரை வாங்கித் தேங்காய் எண்ணெயும் ஆட்டினார்கள். தெரிந்தவர்கள் மூலம் வெளியூர்க்காரர்களும் கேட்க, கூரியரில் அனுப்பத் தொடங்கினார்கள். முதல் 2 ஆண்டுகள் நகைக்கு வட்டி கட்டியதுபோகக் கையில் கொஞ்சம் நின்றது.

மூன்றாம் ஆண்டு கார்த்திகைக்குப் பிறகு புது ஆட்கள் கேட்பது குறைந்தது. தை பிறந்தபோது கிட்டத்தட்ட நின்றேபோனது. ‘ரேட் அதிகமோ’ என்று நினைத்து லிட்டருக்கு 20 ரூபாய் குறைத்தார் கணவர். அப்படியும் யாரும் வரவில்லை. கடைசியில் சென்னையிலிருந்து வழக்கமாக வாங்கும் ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். “அண்ணே, உங்க கடை பேரைப் போட்டு கூகுள்ல பார்த்தீங்களா? என் மச்சினனுக்குச் சொன்னேன். அதைப் படிச்சுட்டு வேணாம்னுட்டாரு.”

யாரோ வைத்த பெயர்ப்பலகை

அவர்கள் கூகுள் மேப்பில் கடையைப் பதியவே இல்லை. ஆனாலும் கடை அங்கே இருந்தது. ஒரு கடையை யார் வேண்டுமானாலும் மேப்பில் சேர்க்கலாம். ‘இதன் உரிமையாளர் நான்தான்’ என்று கடைக்காரர் உறுதிசெய்யாத வரை அது கேட்பாரில்லாமல் கிடக்கும். விடுமுறைக்கு வந்திருந்த மகள் தேடி எடுத்தாள். 5 பேர் கருத்து எழுதியிருந்தார்கள். 2 பேர் ஐந்து நட்சத்திரம், 3 பேர் ஒற்றை நட்சத்திரம். சராசரி 2.6.

முதல் குறை: ‘தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்துவிட்டது. மெழுகு கலக்கிறார்கள்.’

இரண்டாவது: ‘கடலை எண்ணெயில் சிக்கு வாடை. பாதி பாட்டிலைக் கீழே கொட்டினேன்.’

மூன்றாவது: ‘முன்பணம் 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பொருள் அனுப்பவில்லை. ஏமாற்றுக்காரர்கள்.’

கணவருக்குக் கை நடுங்கியது. “எவன்டா அவன், நம்பர் எடு, நாலு வார்த்தை கேக்கறேன்” என்றார். கேள்விப்பட்டு வந்த பங்காளி ஒருவர் வேறு யோசனை சொன்னார். “நம்ம பசங்க 20 பேரை விட்டு அஞ்சு ஸ்டார் போடச் சொன்னா முடிஞ்சுது.” அந்த அம்மாள் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. “இலையில புள்ளி விழுந்தா முதல்ல பூச்சியா, நோயா, சத்துக் குறைவான்னு பார்க்கறோம். பார்க்காமலே மருந்து அடிக்கறோமா? பாப்பா, ஒவ்வொண்ணா படி.”

பங்காளி சொன்னதைச் செய்திருந்தால் சிக்கல் கூடியிருக்கும். ஆள் வைத்துக் கருத்துப் போடுவதும், இலவசம் கொடுத்து நல்லதாக எழுதச் சொல்வதும் கூகுள் விதிகளுக்குப் புறம்பானவை. இணையக் கருத்துகள் நேர்மையாக இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற வழிகாட்டு நெறியை வெளியிட்டிருக்கிறது.

மூன்று குறை, மூன்று வைத்தியம்

தேங்காய் எண்ணெய் உறைந்ததில் குற்றம் எதுவும் இல்லை. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சுத்தமான தேங்காய் எண்ணெய் உறையத்தான் செய்யும். எழுதியவர் பெங்களூர்க்காரர், எழுதியது மார்கழியில். அவருக்கு மகள் பதில் எழுதினாள்: ‘வணக்கம் ஐயா. குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், இளகிவிடும். இதை முன்பே சொல்லாதது எங்கள் குறைதான்.’ அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலோடும் இந்தச் செய்தியை ஒரு சீட்டில் அச்சடித்து வைக்கிறார்கள். அப்படியொரு புகார் அதற்குப் பிறகு வரவில்லை.

சிக்கு வாடை விஷயத்தில் அந்த அம்மாள் பதில் எழுத அவசரப்படவில்லை. கருத்து எழுதிய தேதியை வைத்து அனுப்பிய நோட்டைப் புரட்டினார். பாட்டிலில் தயாரித்த தேதியும் தொகுப்பு எண்ணும் போட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ‘இதெல்லாம் எதுக்கு’ என்று முணுமுணுத்துக்கொண்டே போட்ட அந்த எண் இப்போது கைகொடுத்தது. அதே தொகுப்பில் மிச்சமிருந்த டின்னைத் திறந்து முகர்ந்தார்கள். வாடை இருந்தது. புகார் உண்மை.

காரணமும் பிடிபட்டது. அந்தக் கடலை மழையில் அறுத்தது. செடியிலிருந்து ஆய்ந்த காய் சரியாகக் காயும் முன்பே மூட்டை கட்டி, வெறும் தரையில் அடுக்கியிருந்தார்கள். நிலக்கடலைக் காயை 8 முதல் 9 சதவிகித ஈரப்பதத்துக்குக் காயவைத்தால்தான் சேமிக்க முடியும். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஓசை தர வேண்டும். ஈரத்தோடு கிடந்தால் எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். அதைவிட ஆபத்து, பூஞ்சணம் பிடித்த பருப்பில் உருவாகும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு. இது கல்லீரலைத் தாக்கும். வாடையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. செக்கு எண்ணெயை ஆலை எண்ணெய்போல் சுத்திகரிப்பதில்லை என்பதால், நஞ்சில் ஒரு பகுதி எண்ணெயிலும் தங்கிவிடலாம்.

இதைத் தெரிந்துகொண்டபோது கணவர் வெகுநேரம் பேசவில்லை. “அந்தாளு திட்டலேன்னா இதையேதான் நாமளும் சாப்பிட்டிருப்போம்” என்றார். மிச்சமிருந்த எண்ணெயை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தொகுப்பை வாங்கிய மற்றவர்களுக்கும் தாங்களாகவே போன் செய்து ‘அதைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று சொல்லிப் பணத்தைத் திருப்பினார்கள். அந்த மாத வட்டியை இன்னொரு கைமாற்று வாங்கித்தான் கட்ட வேண்டியிருந்தது. இப்போது காய் தார்ப்பாயில் காய்ந்து, மரச்சட்டத்தின் மேல் ஏறிய பிறகே மூட்டை கணக்கில் சேர்கிறது. பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, உடைந்த பருப்பு செக்குக்குள் போவதில்லை.

‘நீங்கள் சொன்னது சரி. கடலை சரியாகக் காயவில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறோம்; இந்த எண்ணில் கூப்பிடுங்கள்’ என்று பதில் எழுதினார்கள். அவர் கூப்பிடவே இல்லை; ஒற்றை நட்சத்திரத்தையும் மாற்றவில்லை. ஆனால், அந்தப் பதிலைப் படித்துவிட்டு வாங்குகிறோம் என்று பிறகு 2 பேர் சொன்னார்கள்.

மூன்றாவது புகார்தான் புதிராக இருந்தது. முன்பணம் வாங்கும் பழக்கமே அவர்களுக்குக் கிடையாது. கடைப் பக்கத்தில் இருந்த போன் எண்ணைப் பார்த்ததும் விளங்கியது: அது அவர்களுடைய எண் அல்ல. மேப்பில் இருக்கும் எண்ணையும் முகவரியையும் ‘திருத்தம்’ என்ற பெயரில் மாற்றச்சொல்லி எவரும் பரிந்துரைக்கலாம். யாரோ தன் எண்ணை நுழைத்து, வந்த அழைப்புகளில் பணம் பிடுங்கியிருக்கிறார். மகள் உரிமையாளர் பதிவை முடித்து எண்ணைச் சரிசெய்தாள். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் இழந்தவருக்கு நடந்ததை விளக்கி, இணையவழி மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்யும்படி எழுதினார்கள். அவர்களும் காவல் நிலையத்தில் மனு கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை 15 நிமிடம்

இதற்கென்று ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறார் அந்த அம்மாள். ஞாயிறு மாலை விளக்கு வைத்த பிறகு 15 நிமிடம் அதற்குத்தான். கடைப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுகிறார். போன் எண், முகவரி, கடை நேரம் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கிறார். புதிய கருத்து இருந்தால் தேதி, குறை, தொகுப்பு எண், கொடுத்த பதில் ஆகியவற்றை எழுதுகிறார். ஒரே குறை இரண்டாவது முறை வந்தால் சிவப்பு மையில் சுழிக்கிறார். கோபம் வந்தால் அன்று பதில் எழுதுவதில்லை, மறுநாள்தான். பொய்யான கருத்தாக இருந்தால் சண்டை போடாமல் கூகுளுக்குப் புகார் அனுப்புகிறார். விதியை மீறியவற்றை மட்டுமே அவர்கள் நீக்குவார்கள். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்காக எதுவும் நீங்காது.

வாங்கும் எல்லோரிடமும் ‘எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்கள்’ என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறது என்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கேட்பதில்லை. ஓராண்டில் கருத்து எழுதியவர்கள் 30 பேர் ஆனார்கள், சராசரி 4.5. பழைய 3 ஒற்றை நட்சத்திரங்களும் அப்படியேதான் இருக்கின்றன. 5 பேர் எழுதிய இடத்தில் ஒருவருடைய கோபம் மொத்தச் சராசரியையும் சாய்த்துவிடும். 30 பேர் எழுதிய இடத்தில் அவ்வளவாகச் சாய்க்காது.

நகை இன்னும் முழுதாக மீளவில்லை. பாதி வந்திருக்கிறது. ஆர்டர் பழைய நிலைக்குத் திரும்ப 10 மாதம் பிடித்தது. அந்தக் காலத்தில் கணவர் இன்னொரு பழக்கத்தையும் கற்றுக்கொண்டார். புதிய கருத்து வந்தால் எத்தனை நட்சத்திரம் என்று அவர் கேட்பதில்லை. “எந்தத் தொகுப்பு?” என்றுதான் முதலில் கேட்கிறார்.