திருவையாற்றில் ஓர் அம்மையார்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் பலர், விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் திருவையாற்றையும் கண்டு வருவதுண்டு. ஆராதனைக் கூட்டத்துக்கு அஞ்சி, நான் சாதாரண நாளொன்றிலே சென்றேன். காவிரிக் கரையிலே அமைதி குடிகொண்டிருந்தது.

தியாகராஜ சுவாமிகள் 1847-இல் சித்தியடைந்தார். பிற்காலத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த சமாதியைச் சுற்றியிருந்த நிலத்தை வாங்கி, தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1926-இல் பிரதிஷ்டை நடந்தது. ஆயினும் என்ன கொடுமை! கோயில் கட்டியவருக்கு ஆராதனையிலே பாட இடமில்லை. பெரிய கட்சி, சின்ன கட்சி எனப் பிரிந்து நின்ற வித்துவான்கள் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அம்மையார் சோர்ந்தாரில்லை, சமாதியின் பின்புறத்தே பெண்களைத் திரட்டித் தனியே கச்சேரி நடத்தினார். 1941-இல் கட்சிகள் ஒன்றாயின. பெண்களும் உடன் பாடலாயினர். மாட்டுங்காவில் நம் பெண்கள் ஆடவரோடு அமர்ந்து பஞ்சரத்தினம் பாடுவதை இன்று எவரும் புதுமையாகக் கருதுவதில்லை.

1952-இல் மறைந்த அம்மையாரின் சிலை, சுவாமிகளை நோக்கிக் கைகூப்பியபடி அங்கே இருக்கிறது. வந்தவர்களிற் பெரும்பாலோர் சுவாமிகளை வணங்கினர். பிறகு அச்சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டனர்.