ஒரு பெயர், இரண்டு விலாசம்

எங்கள் ஊரைப் பூவிருந்தவல்லி என்று எழுதுவார்கள். பூந்தமல்லி என்று சொல்வார்கள். பெயர் எதுவானாலும் பஸ் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். கம்ப்யூட்டரிலோ இதற்கு நேர்மாறான வித்தை ஒன்று உண்டு. ஒரே பெயர், இரண்டு விலாசம்.

இணையதளம் அமைத்துத் தரும் என் அண்ணன் மகள் அதைக் காட்டினாள். ஒரு ஜவுளிக்கடையின் தளத்தைத் தீபாவளிக்கு முன் புதிய சர்வருக்கு மாற்ற வேண்டும். தன் கம்ப்யூட்டரில் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சிறு கோப்பைத் திறந்து, புதிய சர்வரின் எண்ணையும் தளத்தின் பெயரையும் ஒரே வரியில் எழுதினாள். அவ்வளவுதான். அவள் திரையில் மட்டும் புதுக்கடை. ஊருக்கெல்லாம் பழைய கடை.

ஆதியில் அந்த வலையமைப்பு முழுவதுமே இப்படி ஒரு கோப்பை நம்பித்தான் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் அதைப் பராமரித்தார்கள். பெயர்கள் பெருகவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுத்தார். ஆனாலும் கம்ப்யூட்டர் இன்றும் தன் வீட்டுக் கோப்பைப் பார்த்த பிறகே வெளியே விசாரிக்கிறது.

“சோதித்ததும் அந்த வரியை அழித்துவிட வேண்டும், சித்தப்பா. இல்லாவிட்டால் ஊருக்குக் கடை திறக்காமல் போனாலும் எனக்கு மட்டும் திறந்தே தெரியும். கடைக்காரர் பாடு என்னாவது?” என்றாள்.

மனசுக்குள் ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டு, உலகமும் அதையே பார்ப்பதாக நம்புகிறவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் பாதிப் பேர் கதை எழுதுகிறவர்கள்.