திருகுவதற்கு முன்னால்

ஓடுகிற வண்டியைப் பார்த்து என்ஜின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆக்சிலேட்டரை மிதித்தால் நோஞ்சான் என்ஜின்கூட உறுமும். காலை எடுத்த பிறகு அது தன்பாட்டுக்கு எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை ஐட்லிங் என்பார்கள், சுருக்கமாக ஸ்லோ என்பார்கள். சூடேறிய பெட்ரோல் என்ஜின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்றில் நிற்கும். அதற்கும் கீழே இறங்கினால் வண்டி நடுங்கும், ஆயில் விளக்கு மினுமினுக்கும், கடைசியில் அணைந்தே போகும்.

எண்பதுகளில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. நாலு சிலிண்டர், கார்பரேட்டர். திருச்சி மெயின்கார்டு கேட் நெரிசலில் நிறுத்தும்போதெல்லாம் ஆஃப் ஆகிவிடும். அதற்கு நான் ஒரு வித்தை பழகியிருந்தேன். வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்கும், குதிகால் ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். பின்சீட்டில் மாமனார் உட்கார்ந்திருந்தால் அதையே கொஞ்சம் பகட்டாகச் செய்வேன். மாப்பிள்ளை வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரர் என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். நானும் நம்பினேன்.

வித்தை அலுத்ததும் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் பானெட்டைத் திறந்தார், கார்பரேட்டரின் ஸ்பீடு ஸ்க்ரூவை உள்ளே திருகினார், மூடினார். என்ஜின் அணையாமல் கும்மென்று ஓடியது. ஆனால் அன்றிலிருந்து, காலை எடுத்தாலும் வண்டி முன்னே இழுக்கும். சாவியைத் திருப்பி அணைத்த பிறகும் நாலு உதறு உதறிவிட்டுத்தான் அடங்கும்.

பிறகுதான் பாலக்கரைப் பக்கம் இருந்த பாயிடம் போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் அவரை பாய் என்றே கூப்பிடுவார்கள். வண்டியை ஸ்டார்ட்டில் விட்டுவிட்டு, “சூடாகட்டும் சார்” என்று வேறு வேலை பார்க்கப் போனார். எனக்கோ ஆபீசுக்கு நேரமாகிறது. “பச்சை என்ஜின் பொய் சொல்லும் சார், இருங்க” என்றார்.

வந்ததும் அவர் எதையும் திருகவில்லை. ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்பரேட்டரின் அடிப் பேக்கிங்கைச் சுற்றி நகர்த்தினார். எங்காவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே போனால் உஸ்ஸென்று கேட்குமாம். கேட்கவில்லை. அடுத்து, பிடியில் ரப்பர் போட்ட பிளையரால் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றி மாட்டினார். எந்த வயரைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். (இன்றைய எலக்ட்ரானிக் வண்டிகளில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) நாலுக்கும் சத்தம் ஒரே அளவு இறங்கியது. “நாலு பேரும் நல்லவங்கதான். வீட்டுக்கு வர்ற சாப்பாட்டுலதான் கோளாறு” என்றார்.

என்ஜினை அணைத்து, ஸ்லோவில் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டைக் கழற்றினார். பித்தளையில் சின்னத் திருகாணி மாதிரி ஒன்று. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஒளி தெரியவில்லை. பெட்ரோலில் வந்த ஏதோ துரும்பு அடைத்திருந்தது. பையன் ஒருவன் கம்பியோடு ஓடிவர, “குத்தாதேடா, ஓட்டை பெருசாயிடும்” என்று தடுத்தார். பெட்ரோலில் அலசி, காற்றடித்து, மறுபடி வெளிச்சத்தில் பார்த்தார். குண்டூசி முனையளவு வெளிச்சம்.

ஜெட்டை மாட்டியதும் முதல் வேலையாக ஸ்பீடு ஸ்க்ரூவைப் பின்னால் இறக்கினார். கலவை ஸ்க்ரூவை மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, ஸ்டார்ட் செய்து, அங்கிருந்து கால் கால் சுற்றாக நகர்த்தி, என்ஜின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்தினார். கடைசியாக ஹெட்லைட்டைப் போட்டார். சத்தம் ஒரு துளி இறங்கியது, ஆனால் வண்டி அணையவில்லை.

“அப்போ அந்த ஸ்க்ரூவைத் திருகினது?” என்று கேட்டேன்.

“காதைத் திருகினா புள்ள சத்தம் போடும் சார், படிக்காது.”

அதைத் திருகிய மடையன் யார் என்று நான் திட்ட ஆரம்பித்தேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டே, “அவருக்கும் தெரிஞ்சிருக்கும் சார். பக்கத்துல நின்னு நீங்க வாட்ச்சைப் பார்த்திருப்பீங்க” என்றார். தொழிலில் இன்னொருவரை விட்டுக்கொடுக்காத அந்தப் பேச்சு, ஜெட்டை விடவும் நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது மகளுடைய காரில் கார்பரேட்டரே கிடையாது. திருக ஸ்க்ரூவும் கிடையாது. காற்று போகும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தால், கம்ப்யூட்டரே கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டிக்கொண்டு போகும். வெளியே ஒன்றும் தெரியாது. இனி முடியாது என்ற எல்லை வந்ததும், ஒருநாள் ஏசி போட்டபோது வண்டி அணைந்தது. கரியைத் துடைத்துக் கொடுத்த இளைஞன், “கொஞ்சம் ஓடட்டும் அங்கிள், ஐட்லிங் முன்னப்பின்ன இருக்கும். பழைய கணக்கை மறந்து புதுசா கத்துக்கணும்” என்றான். அடைப்பைத் தேட பாய் சொல்லிக்கொடுத்தார். எடுத்த பிறகும் காத்திருக்கச் சொன்னது இந்தப் பையன்தான்.

பேரன் கணக்கில் பின்தங்கியபோது இரண்டும் உதவின. டியூஷன் என்றார்கள், கண்டிப்பு என்றார்கள். முதலில் கண்ணைக் காட்டுவோம் என்றேன். கரும்பலகை அவனுக்குச் சரியாகத் தெரியவே இல்லை. கண்ணாடி போட்டதும் மதிப்பெண் ஏறிவிடவில்லை, அடுத்த பரீட்சையிலும் தடுமாறினான். மறுபடி டியூஷன் பேச்சு எழுந்தது. ஒரு பருவம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டேன். பொறுத்தார்கள். மனிதர்கள் மந்தமாவதற்கு நூறு காரணம் இருக்கலாம், சோம்பல் அதில் ஒன்றுதான். மற்ற தொண்ணூற்றொன்பதையும் பார்த்துவிட்டு அதற்கு வரலாம்.