கோதாமும் கிட்டங்கியும்

நாகபுரியில் இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றுகிறேன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பு நின்றுபோனவன். சொல்லாராய்ச்சிக்குரிய புலமை எனக்கில்லை. ஆயினும் என் மகளால் அதில் இறங்க நேர்ந்தது.

மாதம் ஒருமுறை தூத்துக்குடியிலுள்ள தன் பாட்டிக்கு அவள் கடிதம் எழுதுவாள். கைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்பீர்கள்; தமிழெழுத்து மறவாதிருக்க நான் செய்த ஏற்பாடு அது. சென்ற மாதக் கடிதத்தில், 'அப்பா கோதாமில் வேலை பார்க்கிறார்' என்று எழுதியிருந்தாள்.

"இந்திச் சொல் ஏனம்மா?" என்றேன்.

"தமிழில் என்னப்பா?"

"கோடவுன்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் தந்தையார் உப்புக் கிட்டங்கியில் மூட்டை சுமந்து என்னைப் படிக்க வைத்தவர். எனக்குச் சோறு போட்ட சொல்லே மறந்து போயிற்று!

வெட்கத்தோடு அகராதிகளைப் புரட்டினேன். 'கிட' என்னும் வினையிற் பிறந்தது கிடங்கு. பழைய நூல்களில் அது கோட்டையைச் சூழ்ந்த அகழியையும் குறிக்கும். பின்னர்ப் பண்டங்கள் கிடக்கும் இடத்திற்கும் அதுவே பெயராயிற்று. தெலுங்கிலும் கிட்டங்கி உண்டு. தென்னாட்டினின்று கடல் கடந்து மலாயில் 'குடாங்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'கோடவுன்' ஆகி, அதிலிருந்து இந்திக் 'கோதாம்' தோன்றியிருக்கலாம் என்பது 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் கருத்து. ஆக, மகள் எழுதியதும் முற்றும் அயற்சொல் அன்று. ஊர் சுற்றி உருமாறி வந்த நம் வீட்டுப் பிள்ளை.

'வேர்ஹவுசிங்' என்பதற்கு இன்று 'சேமிப்புக் கிடங்கு' என்கிறோம். 1957இல் மத்திய சேமிப்புக் கிடங்கு நிறுவனம் ஏற்பட்டது. எங்கள் சரக்குக் கொட்டகையும் கிடங்குதானே எனலாம்; வேறுபாடு பெரிது. எங்களிடம் இலவச நேரத்திற்கு மேல் சரக்கு கிடந்தால் 'வார்ஃபேஜ்' என்னும் கட்டணம் தண்டமாக விழும். அதற்காக வியாபாரிகள் என்னிடம் போடும் சண்டையை எழுத இவ்விதழ் போதாது. அங்கோ கிடப்பதே தொழில். உழவர் நெல்லை வைத்து இரசீது பெறுகிறார். அதை ஈடாகக் காட்டி வங்கியிற் கடன் வாங்கலாம். அறுவடைக் காலத்தில் வந்த விலைக்கு விற்றுத் தீர்க்க வேண்டியதில்லை.

மகள் 'கோதாம்' என்பதை அடித்துவிட்டுக் 'கிட்டங்கி' என்று எழுதி அனுப்பினாள். நேற்றுப் பதில் வந்தது. "உப்புக் கிட்டங்கியா? அங்கே அவன் மூட்டை தூக்குகிறானா?" என்று அன்னையார் கவலையோடு கேட்டிருக்கிறார்.